வாழை வெட்டு

நாங்குநேரி தாண்டிய சுங்கச்சாவடி, ஆறாம் தடம்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை நான்.
இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில்
மேகலையை உயிரோடு வைத்திருந்தேன்.

ஏழரை மணித் தொடரில் அவளைக் கொன்றுவிட்டார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள், மாடிப்படியில் தவறி.
நடிகைக்குச் சம்பளப் பாக்கி என்று பேச்சு.
அதற்கு மேகலை என்ன செய்வாள்?
நான் அவளைப் படியடியிலிருந்து எழுப்பி
முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு
களக்காட்டுக்கு பஸ் ஏற்றினேன்.
வாழைத்தோட்டத்தில் கூலி, அப்புறம் டிரைவிங் லைசென்ஸ்,
அதுக்கும் அப்புறம் சொந்தமாய் ஒரு மினிலாரி.
அறுபத்து மூன்று அத்தியாயம்.
காசு கேட்காத தளம். காசு தராத தளமும்.
சங்கரன்கோவிலில் ஒருத்தி, குவைத்தில் ஒருத்தி,
பேர் போடாத நாலாயிரம் பேர்
அவள் வண்டி எடுக்கும்போதெல்லாம் கூட ஏறினார்கள்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போய்வந்த மறுநாள்
கடிதம் வந்தது.
‘அன்பான படைப்பாளரே.’
அன்பு அந்த வரியோடு சரி.
உள்ளடக்கக் கொள்கை மாறியிருக்கிறது,
பதினான்கு நாள் அவகாசம்,
உங்கள் கதையில் மீறல்கள் பதினேழு.

ஒன்பதாம் அத்தியாயம்: வன்முறை.
தேடிப் போய்ப் பார்த்தேன்.
‘மேகலை விடியுமுன்னே வெட்டுக்குப் போனாள்.’
வாழை வெட்டுக்கு, ஐயா.
ஏத்தன் தார் வெட்ட.
இருபதாம் அத்தியாயம்: இழிசொல்.
‘ஏட்டி, சாப்பிட்டியா?’ என்று சொர்ணம் கேட்டதற்கு.
எங்க ஊரில் அந்த ஏட்டி இல்லாமல் கேட்டால்
பானையில் சோறில்லை என்று அர்த்தம்.

நாற்பத்து நாலு அப்படியில்லை.
அதை மறுக்க மாட்டேன்.
பணகுடிப் பக்கம் வண்டி பழுதாகி,
காற்றாலைகளின் சிவப்பு விளக்கெல்லாம்
ஒன்றாய் அணைந்து ஒன்றாய் எரிய,
சொர்ணமும் அவளும் ஒரே தார்ப்பாய்க்குள்.
என்ன எழுதினேனோ அதைத்தான் எழுதினேன்.
பதினெட்டு வயதுக்கு மேல் என்று
தலையில் பலகை மாட்டித்தான் எழுதினேன்.
போன வருசம் வரை அந்தப் பலகை போதுமென்றார்கள்.

ஆளாளுக்குக் கொதித்தார்கள்.
குவைத்துக்காரி மனு எழுதினாள், நான் ஒற்றுப்பிழை திருத்தினேன்.
வெள்ளிக்கிழமை ஒருத்தரும் எழுதக் கூடாது என்று முடிவாயிற்று.
எழுதவில்லை.
தளத்துக்கு அது தெரிந்த மாதிரியே தெரியவில்லை.
சம்பளம் வாங்காதவர்கள் செய்யும் வேலைநிறுத்தம்
அடுப்பில்லாத வீட்டில் உண்ணாவிரதம்.

“ஓசியில கிடைச்ச இடம், உச்சிமாகாளி.
போகச் சொன்னாப் போகணும்”
என்றான் ஐந்தாம் தடத்து எபனேசர்.
ஓசி இடம்தான்.
அந்தப் பொட்டலுக்கு ராத்திரி ராத்திரியாய்
ஆள் கூட்டிவந்தது யார்?
கேட்கவில்லை. வண்டி வந்துவிட்டது.

அன்றைக்கு நள்ளிரவிலிருந்து புதுக் கட்டணம்.
தார் ஏற்றிய லாரி. டிரைவர் கீழே குதித்துவிட்டார்.
“போகையில ஒரு ரேட்டு, வரையில ஒரு ரேட்டா?
யாரைக் கேட்டு ஏத்துனீய?”
என் வாய் தானாகச் சொன்னது:
“மேலிடத்து உத்தரவு, அண்ணாச்சி.
போர்டுல எழுதிப் போட்டிருக்கு, பாருங்க.”
சொல்லி முடித்தபின்
அந்தக் குரலை எங்கோ படித்த ஞாபகம்.

அவர் கட்டிவிட்டுத்தான் போனார்.
திட்டிக்கொண்டேதான் போனார்.

பதினான்காம் நாள்.
நாற்பத்து நாலை போனுக்குள் இறக்கி வைத்துக்கொண்டேன்.
ஏட்டியை ஏம்மா ஆக்கினேன்,
சொர்ணம் பேங்க் மேனேஜர் மாதிரி பேசினாள்.
வெட்டுக்குப் பதில் எடுப்பு.
‘மேகலை விடியுமுன்னே வாழை எடுப்புக்குப் போனாள்.’
பச்சைக் குறி விழுந்தது.

வாழைத்தாரை எவளாவது எடுப்பாளா?
அழித்தேன். வெட்டு என்றே அடித்தேன்.
சிவப்பு.
சார்ஜ் நாலு சதவீதம். தடத்தில் ஹாரன்.
மேகலை அரிவாளோடு வரப்பில் நிற்கிறாள்,
இன்னும் விடியவில்லை.